கடுங்காப்பியும் உயரமான படிகளும்

ஜூலை 8, திங்கள்

இன்று எங்கள் கல்லூரிக்கு ஊட்டச்சத்து வந்தது. சுடிதார் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியில் வந்தது. பெயர் நஸ்ரின். மேலப்பாளையத்துப் பெண். நான் எண்ணூறு மீட்டரில் மாநிலப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது இவள் தொட்டிலில் கிடந்திருப்பாள்.

முதல்வர் அம்மா தன் அறைக்குக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைத்தார். செப்டம்பரில் பல்கலைக்கழகத் தடகளப் போட்டி முடியும்வரை வாரம் இரண்டு நாள் வந்து, என் அணிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுப்பாளாம். அடுத்த வருடம் மூச்சு விடச் சொல்லிக்கொடுக்க ஒருத்தி வருவாள் என்று நினைக்கிறேன்.

திரையில் ஒரு தட்டின் படம் போட்டாள். வீட்டுமனை விற்பவர்கள் பிரிப்பதுபோல் தட்டை நாலாகப் பிரித்து வண்ணம் அடித்திருந்தது. சோற்றுக்கு ஒதுக்கிய இடம் மூலைமனை அளவுகூட இல்லை.

படம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "பிராக்டீஸுக்கு முன்னாடி பிள்ளைங்க என்ன சாப்பிடுவாங்க மேடம்?"

"காத்து."

அதை எழுதிக்கொண்டாள். கேலி புரியாத தலைமுறை.

ஜூலை 11, வியாழன்

பயிற்சி காலை ஐந்தரைக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் முறை ஒன்றுதான். ஒரு பெரிய பிளாஸ்க் நிறையக் கடுங்காப்பி, ஆளுக்கு ஒரு டம்ளர், பிறகு ஓட்டம். என் பயிற்சியாளர் எனக்குக் கொடுத்தார், நான் இவர்களுக்குக் கொடுக்கிறேன். வயிற்றில் இட்லி இருந்தால் கால் நகராது. இதற்குத் திரையும் படமும் தேவையில்லை.

இசக்கியம்மாள் இன்றும் கடைசி. ராதாபுரம் பக்கத்துப் பிள்ளை, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன வருடம் நானூறு மீட்டரில் என் முழு நம்பிக்கையும் அவள்மேல்தான் இருந்தது. அந்தக் கால்களைக் கடவுள் ஓடுவதற்கென்றே செய்திருக்கிறார். இந்த வருடம் அவற்றை இழுத்துக்கொண்டு வருகிறாள்.

"என்ன பிள்ள, ஓடுதியா, மைதானத்த அளக்கியா?"

"மூச்சு வாங்குது மிஸ்."

"ஓடுனா வாங்கத்தான் செய்யும். உக்காந்திருந்தா வாங்காது."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சோம்பேறிகளுக்கு ரோஷம் மட்டும் குறைவதில்லை.

புதுக் கட்டடத்தில் என் அறையை இரண்டாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் படிகளைக் கட்டியவன் ஒட்டகத்துக்கு அளவெடுத்திருக்கிறான். பாதி வழியில் நின்று சுவரில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படிக்க வேண்டியிருக்கிறது. நூலக விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

ஜூலை 15, திங்கள்

நஸ்ரின் இன்று காப்பியைப் பற்றிப் பேசினாள். விழித்திருக்க விழித்திருக்க, உழைக்க உழைக்க, மூளையில் ஏதோ ஒரு பொருள் சேருமாம். அது போய் அதற்கென்று இருக்கும் இடத்தில் உட்கார்ந்து "களைப்பாக இருக்கிறது, ஓய்வெடு" என்று சொல்லுமாம். காப்பி முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். களைப்பு எங்கும் போகாது, களைப்பாக இருக்கிறது என்ற செய்திதான் வந்து சேராது என்றாள்.

"நல்லதுதானே? கெட்ட செய்தி யாருக்கு வேணும்?" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "செய்தி வரலன்னா களைப்பு கூடிக்கிட்டேதான் இருக்கும் மேடம். ஓடுறதுக்கு முன்னாடி அளவா ஒரு காப்பி கைகொடுக்கும், இல்லங்கல. ஆனா சக்தி சாப்பாட்டுலதான் இருக்கு, காப்பில இல்ல" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். சாப்பாட்டோடு சேர்த்துக் காப்பி, டீ குடித்தால் கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாதாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டுமாம்.

நான் இட்லிக்கும் காப்பி, மத்தியானச் சோற்றுக்கும் காப்பி. ஒன்றும் ஆகவில்லை. பேச்சு முடியும் முன்பே எழுந்து வந்து இன்னொரு டம்ளர் குடித்தேன், அவள் பார்க்கும்படி.

ஜூலை 20, சனி

வீட்டில் எலி என்று இவர் ஒரே ரகளை. மின்வாரியத்தில் கணக்குப் பார்க்கிறவர், அரிசி டின்னையும் விடமாட்டார்.

"ஏ ஹெலன், இருக்கது நாம ரெண்டு பேரு. பச்சரிசி எப்படி இவ்வளவு சீக்கிரம் தீருது?"

"எனக்கு என்ன தெரியும்? எலியா இருக்கும்."

கடைக்குப் போய் ஒரு எலிப்பொறி வாங்கிவந்து, தேங்காய்ச் சில்லு வைத்து, டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பெரிய வேட்டைக்காரர் நினைப்பு.

பச்சரிசிக்கு ஒரு வாசம் உண்டு. புது மண்ணில் தண்ணீர் தெளித்ததுபோல. வாயில் போட்டு மெல்ல மெல்லப் பால் வரும். ஊரில் பாதிப் பேர் பாக்கு மெல்லுகிறார்கள், யாரும் அவர்களுக்குப் பொறி வைப்பதில்லை.

ஜூலை 26, வெள்ளி

இந்த மாதமும் பத்து நாள் ஆகிவிட்டது, நின்றபாடில்லை. நாற்பத்தாறு வயதில் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான். இதைப் போய் ஒரு டாக்டரிடம் சொல்ல, அவர் ஸ்கேன் எடு, அதை எடு, இதை எடு என்பார். வெள்ளை டிராக் சூட்டைப் பரணில் போட்டுவிட்டேன். கருநீலம்தான் எனக்கு எடுப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

இசக்கியை ரிலே அணியிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டாவது சுற்றில், வளைவில், தடத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவ்வளவு தூரம் நடந்து போக வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. கோபம்தான், வேறென்ன.

"மயக்கமா வருது மிஸ். கண்ணு இருட்டுது."

"மயக்கம் வந்தா விழணும் பிள்ள. உக்காரக் கூடாது. வசதியா இடம் பாத்து உக்காந்திருக்க. நீ சோம்பேறி. இத்தன பேரு நேரத்தையும் கெடுக்க வந்த சோம்பேறி."

அணி முழுக்கச் சுற்றி நின்று கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே விடுதிப் பக்கம் போய்விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு! நடிப்புக்குப் பரிசு உண்டென்றால் எங்கள் கல்லூரிக்குத்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நஸ்ரினின் அடுத்த நாடகம் ரத்தப் பரிசோதனை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுக்க வேண்டுமாம். முதல்வர் அம்மா உடனே சம்மதித்துவிட்டார். அணியில் இல்லாத இசக்கியையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள்.

ஊசியைப் பார்த்ததும் பிள்ளைகள் பின்னால் ஒதுங்கினார்கள். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். "மொதல்ல எனக்கு எடுங்க. ஓடுன ஆளோட ரத்தம் எப்படி இருக்கும்னு இவளுக பாக்கட்டும்."

ரத்தம் எடுத்த பெண் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். என்ன மரியாதையோ.

ஆகஸ்ட் 8, வியாழன்

நஸ்ரின் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். மூச்சே வாங்காமல் அந்தப் படிகளை ஏறி வந்திருந்தாள். வயது.

ஹீமோகுளோபின் பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குக் குறைவு. இசக்கிக்கு எட்டு.

"சரி, அதான் மாத்திர இருக்கே. குடுங்க" என்றேன்.

"மேடம், உங்களுக்கு அஞ்சு புள்ளி ஒம்பது."

குழாய் மாறிவிட்டது என்று சொன்னேன். மாறவில்லை என்றாள். எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறதா, மாதவிலக்கு எப்படி என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டாள். "அரிசி, சாம்பல், மண்ணு, அந்த மாதிரி எதையாவது திங்கணும்னு தோணுதா மேடம்? ரத்தத்துல இரும்பு கொறஞ்சா சில பேருக்கு அப்படித் தோணும்."

"நான் என்ன கோழியா?" என்றேன். மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை மூடினேன்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும் மேடம். நானும் வாரேன்."

"சுதந்திர தின அணிவகுப்பு முடியட்டும்."

"அது வரைக்கும் தாங்காது."

"இத்தன வருசம் தாங்கிருக்கு."

அவள் கண் கலங்கியதுபோல் இருந்தது. படித்தவர்கள் இப்படிப் பயமுறுத்தித்தான் பிழைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எலிப்பொறியில் இன்னும் ஒன்றும் விழவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

இவருக்குச் சொல்லாமல் ஜங்ஷன் பக்கம் வேறொரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து புள்ளி ஏழு. மாவட்டம் முழுக்கக் குழாய் மாற்றுகிறார்கள் போலிருக்கிறது.

அணிவகுப்பு ஒத்திகை. வெயில். பிளாஸ்க் பத்து மணிக்கே காலி. இப்போதெல்லாம் காப்பி குடித்தால் நெஞ்சுதான் ஓடுகிறது, நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

மருத்துவமனையில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் இடது கையில் ஏறிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரின் ரத்தம்.

பதினைந்தாம் தேதி நடந்ததை எழுதியாக வேண்டும். கொடியேற்றிய பிறகு நான் மேடை ஏறி அணிவகுப்புக்கு உத்தரவு கொடுக்க வேண்டும். மூன்றே படிகள். ஏறிவிட்டேன். கல்லூரி முழுவதும் வெயிலில் விறைப்பாக நிற்கிறது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. மைதானம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. பேண்டு வாசிக்கிறவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அணிவகுப்பில் இல்லாத பிள்ளைகள் மேடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அதிலிருந்து ஒருத்தி ஓடிவந்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். இசக்கி.

"உக்காருங்க மிஸ்."

"மாட்டேன்."

"கண்ணு இருட்டுதுல்லா? எனக்குத் தெரியும். உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஆயிரம் பேர் முன்னால், கருநீல டிராக் சூட்டில், மேடையின் விளிம்பில் உட்கார்ந்தேன். அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எலும்பும் தோலுமான தோள்.

கர்ப்பப்பையில் கட்டியாம். சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வருடக்கணக்காக மாதாமாதம் ரத்தத்தை வடித்துவிட்டிருக்கிறது. "இந்த ரத்தத்த வச்சிக்கிட்டு எப்படிம்மா நடமாடுனீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"காப்பி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இருந்த கொஞ்ச ரத்தத்தை உடம்பெல்லாம் அனுப்ப என் இதயம் உட்கார்ந்த இடத்திலேயே பந்தயம் ஓடிக்கொண்டிருந்ததாம். ஓய்வு கேட்டு உடம்பு அனுப்பிய செய்தியையெல்லாம் நான் வாசலிலேயே மறித்து அனுப்பிவிட்டேனாம். இதை ஏற்கெனவே ஒருத்தி இலவசமாகச் சொல்லிவிட்டாள் என்று நான் சொல்லவில்லை.

இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏங்க, அந்தப் பொறிய எடுத்துருங்க."

"எதுக்கு?"

"எலி நான்தான்."

கொஞ்ச நேரம் புரியாமல் விழித்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னும் மோசமாக அழுதார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாலு நாளாகக் காப்பி கிடையாது. தலை இரண்டாகப் பிளக்கிறது. காப்பியை நிறுத்தினால் சில நாள் அப்படித்தான் இருக்கும் என்கிறார் நர்ஸ், ஏதோ பண்டிகை வாழ்த்து சொல்வதுபோல். அவர் இன்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியிருக்கிறது. சாயங்காலம் இவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். கோடியில் மாடிப்படி. "வேண்டாம்" என்றார். ஏறினேன். மெதுவாகத்தான் ஏறினேன். மேலே போய் நின்று, மூச்சு வாங்குவதற்காகக் காத்திருந்தேன். வாங்கவில்லை. கொஞ்சம் வேகமாக வந்தது, பிறகு தானாக அடங்கிவிட்டது.

எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். இப்படித்தானா ஊரில் எல்லோரும் நடக்கிறார்கள்? இதுதானா படி? இவ்வளவு சுலபமாக ஏறி இறங்கிக்கொண்டா இவர்கள் "அலுப்பு, அலுப்பு" என்று புலம்புகிறார்கள்?

கீழே வந்து படுத்த பிறகு இன்னொன்று தோன்றியது. எட்டு. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எனக்காக நானூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தலைவலி. விளக்கை அணைக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 21, புதன்

நஸ்ரின் பார்க்க வந்தாள். பேரீச்சம்பழம் வாங்கிவருவாள் என்று எதிர்பார்த்து ஒரு கேலி தயாராக வைத்திருந்தேன். வெறுங்கையோடு வந்து அதையும் கெடுத்துவிட்டாள்.

குறைவாக இருந்த பிள்ளைகளை அவளே டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக்கொடுத்திருக்கிறாள். இசக்கியையும். பிறகு ரொம்ப நேரம் வாட்ச்சைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"மேடம், விடுதில காலைச் சாப்பாடு எட்டு மணியோட முடிஞ்சிருது."

"தெரியும்."

"நீங்க பிள்ளைங்கள விடுறது எட்டரைக்கு."

நான் போர்வையை இழுத்து மடித்தேன்.

"அப்புறம் நேரா கிளாஸ். மத்தியானம் வரைக்கும் அந்த ஒரு டம்ளர் கடுங்காப்பிதான். வீட்லருந்து வாற பிள்ளைங்களுக்கு டிபன் பாக்ஸ் இருக்கு. விடுதிப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. இசக்கி ரெண்டு வருசமா காலைல சாப்பிட்டதே இல்ல மேடம்."

"என்கிட்ட ஒருத்தியும் சொல்லலியே."

"உங்ககிட்டயா?" என்றாள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் கேலி வரும் என்று இன்றுதான் தெரிந்தது. கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

செப்டம்பர் 2, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். கட்டிக்கு டிசம்பர் விடுமுறையில் அறுவைச் சிகிச்சை. அதுவரை மாத்திரை, கீரை, சுண்டல், மீன். காப்பி ஒன்றே ஒன்று, அதுவும் சாப்பாட்டிலிருந்து தள்ளி. அந்த ஒன்றைக் குடிக்கும்போது ஊரே எனக்குக் கடன்பட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறேன்.

பயிற்சிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு வாழைப்பழம். ஏழரைக்கு விட்டுவிடுகிறேன். விடுதி உணவுக்கூட வாசலில் நானே போய் நின்றேன். வார்டனுக்கு அது பிடிக்கவில்லை.

"சாப்பாட்டு விஷயத்துல பி.டி. மிஸ்ஸுக்கு என்ன வேல?"

"இத்தன நாள் இல்லாததுதான் தப்பு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வைங்க."

செப்டம்பர் 6, வெள்ளி

இசக்கியை மறுபடியும் ரிலேக்குக் கூப்பிட்டேன். விடுதி வாசலில் நின்றே பேசினோம்.

"வேண்டாம் மிஸ்."

"ஏன்?"

"மூணு மாசம் மாத்திர தின்னுட்டு, மறுபடி ரத்தம் பாத்துட்டுத்தான் முழுசா ஓடணும்னு டாக்டர் சொல்லிருக்காவ. இப்ப ஓடுனா பின்னாலதான் வருவேன். நீங்க ஏசுவீய."

"ஏச மாட்டேன்."

என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 21, சனி

பல்கலைக்கழகப் போட்டியில் எங்கள் ரிலே அணி தகுதிச் சுற்றோடு வெளியே வந்தது. உயரம் தாண்டுதலில் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். இவ்வளவு மோசமாக நாங்கள் எந்த வருடமும் திரும்பியதில்லை.

முதல்வர் அம்மா கூப்பிட்டனுப்பினார். "ஊட்டச்சத்து அது இதுன்னு ஆரம்பிச்சோம். பலன் ஒண்ணும் தெரியலையே. அந்தப் பொண்ண நிறுத்திரலாமா?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்திருந்தால் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியிருப்பேன்.

"அவ வந்ததால தோக்கல மேடம். அவ வாறதுக்கு முன்னாடி பிள்ளைங்கள பட்டினி போட்டு ஓட விட்டதால தோத்தோம். ரத்தம் ஊற மாசக்கணக்கா ஆகும், பதக்கத்துக்காகச் சீக்கிரம் ஊறாது. அவள நிறுத்துறதா இருந்தா மைதானத்துக்கு வேற ஆள் பாத்துக்கோங்க."

"பட்டினி போட்டது யாரு?" என்று கேட்டார்.

"நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மார்ச் வரை நஸ்ரின் வருவாள்.

நவம்பர் 11, திங்கள்

இசக்கிக்குப் போன வாரம் ரத்தம் பார்த்தார்கள். பன்னிரண்டுக்கு மேல். இன்று காலை மைதானத்துக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை.

ஒரு சுற்று மெதுவாக ஓடினாள். இரண்டாவது சுற்றில், எதிர்ப்பக்க நேர்கோட்டில், கொஞ்சம் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். கால் கேட்டபடி வந்தது. நிஜம்தானா என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்ததுபோல, இன்னும் கூட்டினாள். என் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது, அழுத்த மறந்துவிட்டேன்.

ஓடி முடித்து நேரே என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"மிஸ், ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்னய சோம்பேறின்னு சொன்னீய."

"ஆமா."

"இல்லன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

பத்தொன்பது வயதுப் பிள்ளை, என் கண்ணைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. விசில் ஊதி எல்லோரையும் கூப்பிட்டேன். வட்டமாக வந்து நின்றார்கள்.

"நான் இவள சோம்பேறின்னு சொன்னேன். அது பொய்யி. அன்னைக்கு இந்த மைதானத்துல உங்க எல்லாரையும்விட அதிகமா கஷ்டப்பட்டது இவதான். அவ ஒடம்புல ரத்தம் இல்ல, அதுக்குப் பாதிக் காரணம் நான். எனக்கே தெரியாம இருந்திச்சுன்னு சொல்ல மாட்டேன். கேக்காம இருந்தேன். இசக்கி, மன்னிச்சிரு."

அணிவகுப்பு மைதானத்தில் ஆயிரம் பேரைத் திரும்ப வைக்கிற குரல் எனக்கு. பத்துப் பதினைந்து பிள்ளைகள் முன்னால் கரகரத்துப் போனது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

இசக்கி முழுவதையும் கேட்டாள். தலையை ஆட்டினாள். குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே இன்னொரு சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஓட்டம் இன்னும் சுமார்தான். வளைவில் இடது கையை அனாவசியமாக வீசுகிறாள். நாளைக்குச் சொல்ல வேண்டும்.